கறுப்பைத் துடைக்கச் சொல்லவில்லை

ஊட்டியில் மேசைக்கும் குளிரும்.
காலை ஏழு மணிக்கே பச்சைத் துணிக்கு இஸ்திரி போட்டு
கல்லுக்கு அடியில் ஹீட்டரை ஓடவிட்டு
கதவிடுக்குகளில் துண்டைத் திணித்திருந்தோம்.
மஞ்சு அப்படியும் வரும்.
அதற்கு டிக்கெட் வேண்டாம்.

கட்டபெட்டில் பச்சைத் தேயிலை எடை போடும் கொட்டகையில்
வாரம் ஐந்து நாள் எண் சொல்கிறவள் நான்.
பதினெட்டரை. இருபத்தொன்று. ஈரத்துக்கு இரண்டு கழி.
இங்கேயும் எண்தான்.
வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு,
இங்கிலீஷில்.

தரவரிசைப் போட்டி, தகுதிச் சுற்று,
நாலுக்கு நாலு, கடைசி ஃபிரேம்.
பொள்ளாச்சி குழந்தைவேலு, உலகத்தில் அறுபத்தேழாவது ஆள்.
அறுபத்து நான்குக்குள் வருஷத்தை முடிக்காவிட்டால்
அடுத்த வருஷம் அட்டை கிடையாது;
அப்பாவின் கொப்பரைக் களத்துக்குத்தான் போகவேண்டும் என்று
வரவேற்பறையில் யாரிடமோ சொல்லிச் சிரித்தான்.
எதிர் நாற்காலியில் பெல்ஜியத்துக்காரன் யோரிஸ்,
நாற்பத்து நாலு புள்ளியோடு
தண்ணீர் பாட்டிலைத் திறப்பதும் மூடுவதுமாக.

ஒன்று. எட்டு. ஒன்பது. பதினாறு.
பையில் விழுந்த கறுப்பை எடுத்து
அதன் புள்ளியில் திரும்ப வைப்பேன்.
அவன் அனுப்ப அனுப்ப நான் கூட்டிவர,
ஏழு முறை.
எட்டாவது சிவப்பு விழுந்தது.
ஃபிஃப்டி செவன் என்று வாய் மூடுவதற்குள்
கரண்ட் போய்விட்டது.

ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமிப் படுத்தது.
பந்துகளை யாரும் தொடக்கூடாது. நான் உட்பட.
போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு
மேசையோரம் நாற்பது நிமிடம் நின்றேன்,
இருட்டில் மாடு காப்பவளைப்போல.
மிச்சம் ஒரு சிவப்பு, ஆறு வண்ணம், ஒரு வெள்ளை.
பின்வரிசையில் யாரோ வர்க்கி கடிக்கும் சத்தம்
அரங்கம் முழுக்கக் கேட்டது.
"எவ்வளவு நேரமாகுங்க?" என்றான் குழந்தைவேலு.
தெரியாது என்பதை இங்கிலீஷில் சொன்னேன்.
யோரிஸுக்கும் கேட்கவேண்டும் அல்லவா.

கல் ஆறிக்கொண்டிருந்தது.
விளிம்பில் விரல் வைத்தால் தெரிந்தது.
முதலில் வெள்ளையின் மேல் படிந்தது.
பிறகு கறுப்பின் மேல்.
தூங்குகிற பிள்ளையின் மூக்கு வேர்ப்பதுபோல
அவ்வளவு பொடியாக.
வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும்;
சாய்த்துப் பிடித்தவள் நான் ஒருத்திதான்.

எட்டு பன்னிரண்டுக்கு விளக்கு வந்தது.
எல்லோரும் கைதட்டினார்கள், கரண்டுக்கு.

அவன் வந்தான், நின்றான், சாக்கைத் திருகினான்.
"ஒயிட்டைத் தொடைச்சுக் குடுத்துருங்க."
அடையாளம் வைத்து, எடுத்து, துடைத்து, வைத்தேன்.
குனிந்தபடியே ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.
அதையும்.
நாலே எழுத்து.
யோரிஸுக்குப் புரிந்திருக்காது,
புரிந்த இருநூறு பேரும் எனக்குக் கோயில் கட்டியிருப்பார்கள்.
கேட்டால் துடைக்கலாம். கேட்கச் சொல்லக்கூடாது.
கொட்டகையில் யாரும் கேட்காமலே ஈரத்தைக் கழிக்கிறேன்,
இரண்டு கிலோ, மூன்று கிலோ,
முகத்தைக்கூடப் பார்க்காமல்.

டிக் என்று கேட்கவேண்டிய இடத்தில்
டக் என்றது.
பந்தும் பந்தும் ஒரு நொடி ஒட்டிப் பிரிந்தன.
கறுப்பு பையின் உதடுவரை போய்
உள்ளே எட்டிப் பார்த்தபடி நின்றது.
பின்வரிசை வர்க்கி நின்றுவிட்டது.

ஃபிஃப்டி செவன், மறுபடி சொன்னேன்.
ஒரே எண்ணை இரண்டு தரம் சொல்ல
எடைக்காரிக்கு ரொம்பக் கூச்சம்.

யோரிஸ் தவறு செய்யவில்லை.
சிவப்பு, உதட்டில் நின்ற அந்தக் கறுப்பு,
மஞ்சள், பச்சை, பழுப்பு, நீலம், இளஞ்சிவப்பு,
மறுபடி கறுப்பு.
முப்பத்தைந்தையும் நான்தான் எண்ணினேன்,
குரல் எங்கும் இறங்கவில்லை என்று
போட்டி இயக்குநர் பிறகு பாராட்டினார்.

குழந்தைவேலு கை கொடுத்தான்.
"உங்க கை ஏனுங்க இவ்வளவு சில்லுன்னு இருக்கு?"
பதிலுக்குக் காத்திராமல்
குச்சியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தான்.
மேட்டுப்பாளையம் வண்டி ஒன்பதரைக்கு.

எல்லோரும் போன பிறகு
இருபத்திரண்டையும் தட்டில் அடுக்கினேன்.
கறுப்பை எடுத்துத் துடைத்தேன்.
ஏற்கெனவே காய்ந்திருந்தது.