ஈரநிலத்தில் ஒரு விமானம்

சேறு அச்சுவரை ஏறும் மார்ச் மாதம்
கார் என் கைக்கு வந்தது.
குல்பெனே வட்டாரத்துக் கால்நடை மருத்துவர் என்ற
வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தவை:
என் காலுக்குச் சிறிதான ரப்பர் பூட்ஸ்,
பின்னிருக்கையில் ஊறிப்போன கன்றுநீர் வாடை,
ஜெர்மன் மட்டுமே பேசும் வழிகாட்டித் திரை.

மெனுவைத் துழாவினேன்.
"வரைபடத்தில் காட்டு" என்பதன் கீழே
பெட்ரோல், உணவகம், விடுதி, மருத்துவமனை
எல்லாவற்றையும் அணைத்து வைத்திருந்தாள்
எனக்கு முன்னால் ஓட்டிய இங்கூனா.
ஒன்றில் மட்டும் டிக்: "சொந்தப் புள்ளிகள்".
நூற்றிப் பன்னிரண்டு.

பெரிதாக்கிப் பார்த்தால்
அம்மை வார்த்த முதுகுபோல் இருந்தது வட்டாரம்.
பிர்ச் மரங்களைத் தவிர யாருமில்லாத பாதையில்
ஒரு முள்கரண்டி.
உழுத வயலின் நடுவே பெட்ரோல் பம்ப்.
கார் போகவே முடியாத ஈரநிலத்தில்
ஒரு விமானம்.

பெட்டிக்குத் தெரிந்த படங்கள் பன்னிரண்டுதான்.
அந்தப் பன்னிரண்டை வைத்து
அவள் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது.

முள்கரண்டி சீக்கிரமே விளங்கியது.
வீத்தோலிப் பண்ணை ஸ்கைத்ரீட்டே
மாட்டின் மடியைக் காட்டுமுன்
கம்பு ரொட்டியும் சதகுப்பை தூவிய தயிர்க்கட்டியும்
உள்ளே தள்ளாமல் விடமாட்டாள்.
முள்கரண்டி இரண்டு இருக்கும் வீட்டுக்கு
மூன்று மணி நேரம் ஒதுக்கவேண்டும்.
கட்டில் என்றால் கன்று குறுக்கே விழும் மந்தை,
வைக்கோலில் விடியும் இரவு.
போலீஸ் தொப்பி என்றால்
சங்கிலி அறுந்த நாய்.
இதை இடது கணுக்காலால் படித்தேன்.

பெட்ரோல் பம்பை நான் நம்பவில்லை.
டேங்கில் சிவப்பு விளக்கு எரிந்த அன்று
நம்பித் திரும்பினேன்.
தகரக் கொட்டகை, ஒரு டிராக்டர்.
ஹெர்பெர்ட்ஸ் எதுவும் கேட்காமல்
கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.
மூடியைத் திருகும்போது மட்டும்,
"அவள் அங்கே சாப்பிடுகிறாளா?"

தேவாலயம் இரண்டே இடத்தில்.
ஒன்றில் இறங்கிப் பார்த்தேன்.
கழுவித் துடைத்த மாட்டுக் கொட்டில்.
பதினெட்டுக் கட்டுத்தறி, பதினெட்டுப் பெயர்ப்பலகை.
மாடு ஒன்றும் இல்லை.
ஊசி போட்ட கை யாருடையது என்று
எனக்குத் தெரியும்.
மற்றதற்குப் போகவில்லை.

விமானத்துக்குத்தான் போன் போட்டேன்.
ஓல்டன்பர்க் பக்கம், கோழி அறுக்கும் ஆலையில்
இப்போது அவள் பரிசோதகர்.
பின்னால் பெல்ட் ஓடும் இரைச்சல்.
"அதையா கேட்கிறாய்?" என்று சிரித்தாள்.
"ஏப்ரல் இருபது தாண்டட்டும்.
காலை ஐந்துக்கு முன்னால் போ.
இன்ஜினை அணைத்துவிடு,
ரேடியோவையும்."

போனேன்.
மூடுபனிக்குள் முதலில் சத்தம்தான் வந்தது,
துருப்பிடித்த எக்காளம் மாதிரி.
பிறகு சாம்பல் கொக்குகள்,
நீண்ட கால்களைச் சக்கரம்போல் இறக்கி
ஒன்று தரை தொட்டு விலகும்வரை
அடுத்தது வானில் வட்டமடித்து
அனுமதிக்குக் காத்திருந்தது.
நாற்பது வரை எண்ணினேன்.
அப்புறம் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது.

கராஜில் வரைபடத்தைப் புதுப்பிக்கலாம் என்றார்கள்.
பழைய தரவு அழியும், பரவாயில்லையா?
பரவாயில்லாமல் இல்லை என்று
சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்று கவ்யா ஆற்று வளைவில் ஒரு வீடு.
நான் போய்ச் சேருமுன்பே நாய் செத்திருந்தது.
வேலை எதுவும் இல்லை.
அந்த மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.
இருவரும் உட்கார்ந்திருந்தோம்.
சாப்பாடு இல்லை, பேச்சும் இல்லை,
அடுப்பில் மட்டும் ஈரவிறகு சீறியது.

திரும்பி வந்து காரில்
நூற்றிப் பதின்மூன்றாவது புள்ளியை வைத்தேன்.
"குறியீட்டைத் தேர்ந்தெடுக்கவும்" என்றது திரை.
பன்னிரண்டையும் மேலும் கீழுமாக
இரண்டு சுற்று தள்ளிப் பார்த்தேன்.
கட்டில் இல்லை. தேவாலயமும் இல்லை.
வைப்பர் அசைந்துகொண்டிருந்தது.
கார் நகரவில்லை என்பது தெரியாமல்
ஜெர்மன்காரி சொன்னாள்,
முடிந்தால் வண்டியைத் திருப்புங்கள்.