இருபதரை

பெட்டிக்குள் ஒரு குட்டித் திருப்புளியும் இருந்தது.
பூட்டித் தர வருகிறவனுக்கு நூற்றெண்பது டொலர்.
அந்தக் காசில் ஒரு மாதம் காஸ் எரிக்கலாமே என்று
நானே கீழே இறங்கி பிரேக்கரைத் தட்டினேன்.
வீடு மூச்சை நிறுத்தியது.
வெளியே வினிபெக், மைனஸ் இருபத்தொன்பது.
சுவர்கள் ஆறுவதற்குள் முடித்தாக வேண்டும்.

பழையதைக் கழற்றினேன்.
அது மறைத்திருந்த உள்ளங்கை அளவு இடத்தில்
சுவர் இளம்பச்சையாக இருந்தது.
யார் வீடாக இருந்ததோ அப்போது.
சிவப்பு, வெள்ளை, பச்சை, மஞ்சள்:
ஒவ்வொரு கம்பிக்கும் ஒட்டுத்தாளில் ஓர் எழுத்து.
புதியதற்கு ஐந்தாவது ஒன்றும் வேண்டுமாம்.
இல்லை என்று படியில் குந்திவிட்டேன்.
பிறகு டோர்ச்சைச் சரித்து ஓட்டைக்குள் பார்த்தால்
உறைக்குப் பின்னால் நீலக் கம்பி,
எதிலும் தொடுக்காமல், நுனிகூடச் சீவாமல்
சுருண்டு படுத்திருந்தது.
அதன் மறுமுனையும் கீழே ஃபர்னஸுக்குள்
அப்படியே தனியாகக் கிடந்தது.
இரண்டு பக்கமும் நான்தான் சீவித் தொடுத்தேன்.
விரல் நுனியில் சின்னக் கீறல்.
வட்டத் திரை எரிந்தது,
முதலில் என்ன மொழி என்று கேட்டது.
அதனிடம் தமிழ் இல்லை.

குகதாசன் அப்போது சட்பரியில், ட்ரக்கில்.
தம்பியின் கடனுக்கு என்னைக் கேளாமல் கையெழுத்து வைத்தவர்.
தெரிய வந்த இரவிலிருந்து
பதினொரு நாள் எங்களுக்குள் பேச்சில்லை.
ஆனால் செயலி அவருடைய ஃபோனிலும் இருந்தது.
நான் இருபத்திரண்டு வைத்தேன்.
அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள்
எவருடைய கையும் படாமல்
பத்தொன்பது.
ஏற்றினேன். இறங்கியது.
நள்ளிரவில் ஏற்றினேன்.
ஏதோ ஒரு ட்ரக் ஸ்டாப்பில், கோப்பிக்கு வரிசையில் நின்றபடி
இறக்கினார்.
கோபத்துக்குத் தசமப் புள்ளி உண்டென்று
அந்தக் கிழமைதான் அறிந்தேன்.

வியாழக்கிழமை, இரவு வேலை முடிந்து வந்து
சப்பாத்தை மட்டும் கழற்றிவிட்டுக்
கதிரையில் இருந்தேன்.
தூங்கவில்லை. அழவும் இல்லை.
ஆஸ்பத்திரியின் போர்வைகளை எட்டு மணித்தியாலம் மடித்த கைகள்
மடியில் கிடந்தன.
சுவரில் இருந்தது ஒற்றைக் கண்ணால் கூடத்தைப் பார்த்தது.
அசைவு எதுவும் காணவில்லை.
வீட்டில் எவரும் இல்லை என்று தீர்மானித்து,
பதினாறுக்கு இறக்கி,
மிச்சம் பிடித்த பெருமையில்
ஒரு பச்சை இலையும் காட்டியது.

மூக்கு நுனி குளிர்ந்தபோதுதான் ஃபோன் அடித்தது.
"நீர் எங்க போட்டீர்?"
சத்தத்துக்குப் பின்னால் எஞ்சின்.
"வீட்ட ஆளில்லை எண்டு இதில காட்டுது.
வேலை முடிஞ்சு இரண்டு மணித்தியாலம் ஆச்சு.
றோட்டெல்லாம் ஐஸ்."
"இஞ்சதான் இருக்கிறன்."
"அப்ப ஏன் ஆளில்லை எண்டுது?"
"ஆடாமல் இருந்திட்டன்."

அங்கே வைப்பர் இரண்டு தரம் கண்ணாடியைத் துடைத்தது.
"எழும்பி அதுக்கு முன்னால கையைக் காட்டும்."

எழுந்தேன்.
விடைபெறுகிறவள்போலவா, மறிக்கிறவள்போலவா தெரியவில்லை,
வெறுஞ்சுவருக்கு முன் நின்று கையை அசைத்தேன்.
திரை விழித்தது.
ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு அப்பால்,
நிப்பிகனில், தெருவோரம் ஒதுக்கிய ட்ரக்கில்
நான் வீட்டில் இருப்பது அவருக்குத் தெரிய வந்தது.
"ஓம். இப்ப காட்டுது," என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
"எவ்வளவில வைக்க?"

கேட்டுச் செய்கிறார்.
கடனைப் பற்றி நான் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.
இருபத்தொன்று என்றேன்.
இருபதரை வந்தது.

விட்டேன்.
நிலத்துக்கு அடியில் ஃபர்னஸ் செருமியது.
கதிரைக்குப் பக்கத்துத் துவாரத்தில்
முதலில் குளிர்காற்று, பிறகு புழுதி மணம்,
அதற்குப் பிறகு
கால்விரல்களை அதன்மேல் வைத்துக்கொண்டேன்.