இடக்கால்

ஆஸ்தியா அரங்கில்
திரை கீழே விழுந்தால்தான் நாடகம் தொடங்கும்.
பள்ளத்தில் கயிறு பிடிப்பவனுக்குத் தெரிவதெல்லாம்
பாதங்கள்.

இன்று ஸ்டாகிஸின் இடக்கால் இழுக்கிறது.
நேற்று ஒரு குடம் ஒயின் குறைந்திருந்தது;
எடுத்தது யாரென்று முதலாளி விசாரிக்கவில்லை.

மேடையில் அவனுக்கு அடிமை வேஷம்.
எசமானை ஏய்த்து, பணப்பையைச் சுருட்டி,
விடுதலை வாங்கிக்கொண்டு
நொண்டி நொண்டி ஓடுகிறான்.
கல்படிகள் எல்லாம் சிரிப்பு.
ஓரமாய் நின்ற முதலாளிக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

“நாளைக்கும் அதேமாதிரி நட.”

ஸ்டாகிஸ் செத்தபின்
அவன் முகமூடியை மாட்டியவனுக்கு
இரண்டு கால்களும் நன்றாகவே இருந்தன.
நொண்டினான்.

ஆயிரத்தைந்நூறு வருஷம் கழித்து
பெர்காமோ சந்தையில்,
கோழிக்கூண்டுகளுக்கு நடுவே பலகை மேடை.
வேலைக்காரன் வருகிறான்
இடக்காலை இழுத்தபடி.
காலுக்கு என்ன என்று கேட்டால்
ஒன்றுமில்லை,
இந்த வேஷம் அப்படித்தான் என்கிறான்.