பதினொன்று வரை

இரண்டாம் மாடி லிவியோ பெர்த்தோட் இறந்த மறுவாரம்
ஊதினே நகரத்திலிருந்து மகள் வந்தாள்.
நாற்காலிகளை எடுத்துப்போனாள்,
சுவர்க் கடிகாரத்தை எடுத்துப்போனாள்,
கிளியை என் வாசலில் வைத்தாள்.
"எங்கள் வீட்டில் பூனை இருக்கிறது."
சாம்பல் கிளி. சிவப்பு வால். பெயர் பிரிமோ.

த்ரியெஸ்தே துறைமுகக் கிடங்கில்
காப்பிக்கொட்டை மூட்டை எண்ணுகிறவள் நான்.
பகலெல்லாம் லாரிச் சத்தம்.
வீட்டில் ஒரு பேச்சுத்துணை ஆகட்டுமே என்றுதான்
சரி சொன்னேன்.

பேசத்தான் செய்தது.
"ஸேஅ" என்றது.
பிறகு என்னையே பார்த்தது,
பழைய பாக்கி தரவேண்டியவளைப் பார்ப்பதுபோல.

மீன்கடை த்ராகோ வந்து கேட்டான்:
"மத்தி கேட்குது. ஸார்தே, ஸார்தே."
ஒன்றை நீட்டினான். விரலைக் கடித்தது.
மருந்துக்கடைக்காரருக்கு அது மாலை வணக்கத்தின் பின்பாதி.
"காலை ஏழு மணிக்குமா?" என்றேன்.
"கிளிக்கு ஏது கடிகாரம்."
கார்ஸோ மேட்டிலிருந்து முட்டை கொண்டுவரும் ஸோஃப்கா மட்டும்
கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.
அவள் மொழியில் அது 'போய்விட்டார்' என்பதன் பாதியாம்.
சிலுவை போட்டுக்கொண்டாள்.
அன்று முட்டைக்குக் காசு வாங்கவில்லை.

திருத்திவிடலாம் என்று உட்கார்ந்தேன்.
சூரியகாந்தி விதையை விரலிடுக்கில் பிடித்து
எழுத்தெழுத்தாக, வாயை அகலத் திறந்து.
தலையைச் சாய்த்துக் கேட்கும்.
திரும்ப அதே நொண்டிச் சொல்,
ஒரு பக்கத்தை இழுத்துக்கொண்டு.
மந்தம், என்று முடிவுகட்டினேன்.
லிஃப்ட் கதவை, மைக்ரோவேவ் மணியை,
கீழ்வீட்டுக்காரன் மூக்குச் சிந்துவதை
அது அச்சுப்பிசகாமல் செய்துகொண்டிருந்தது
எனக்கு உறைக்கவேயில்லை.

பிப்ரவரியில் போரா காற்று அடித்த நாள்.
பிடித்து நடக்கத் தெருவோரம் கயிறு கட்டியிருந்தார்கள்.
குப்பைத்தொட்டிகள் கடலைப் பார்த்து ஓடின.
மேல்மாடி நோயாளியைப் பார்த்துவிட்டு இறங்கிய
ஒண்டினா வாஸ்கொத்தோ
திறந்திருந்த என் கதவருகே நின்றாள்.
பக்கவாதத்தில் வாய் கோணியவர்களுக்குப்
பேச்சுப் பயிற்சி தருகிறவள்.

"ஸேஅ" என்றது கிளி.
நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையை உயர்த்தித் தடுத்தாள்.
அவள் உதடு எண்ணிக்கொண்டிருந்தது.
ஆறு. ஏழு.
நானும் த்ராகோவும் மருந்துக்கடைக்காரரும்
எப்போதும் மூன்றிலேயே பேச ஆரம்பித்தவர்கள்.
பத்து.
பதினொன்று.
"லா போஅஆ" என்றது பிரிமோ.
உடனே ஒரு பேனாவின் சத்தம்: டிக்.

"கதவைச் சாத்து" என்றாள் ஒண்டினா.
எழுந்துபோய்ச் சாத்தினேன்.
சிரித்தாள். "உன்னைச் சொல்லவில்லை.
ஸேரா லா போர்தா. அதுதான் வாக்கியம்.
அட்டையில் முப்பது இருந்தது,
அவர் தொட்டுக் காட்டியது இதை.
நாலு மாதம். சொல்லி முடித்தால் பேனாவை அழுத்துவேன்.
குறுக்கே பேசினால் அப்படியே விட்டுவிடுவார்."
சட்டைப்பையிலிருந்து எடுத்து அழுத்திக் காட்டினாள்.
கிளி அதே டிக்கைத் திருப்பித் தந்தது,
அவளுடையதைவிடத் துல்லியமாக.

அரைகுறையாகக் கற்றது என்று நான் நினைத்த பறவை
முழுசாகக் கற்றிருந்தது:
அசையாத இடது உதட்டை,
சொல்லைத் தேடி நாக்கு வெளியே போயிருந்த நேரத்தை,
அந்த நேரத்தின் நீளத்தை.

இன்னொரு ஒலி இருக்கிறது.
ராத்திரி ஒன்றரை வாக்கில்,
ஈரச் சாக்கை இழுப்பதுபோல, அடித்தொண்டையில்.
அதையும் கேட்டேன் ஒண்டினாவிடம்.
"தெரியாது" என்றாள், கையுறையை மாட்டிக்கொண்டே.
"நான் திங்களும் வியாழனும்தான் வருவேன். பகலில்."

நேற்றும் வந்தது.
இருட்டில் எழுந்து உட்கார்ந்து எண்ணினேன்.
நாற்பதுவரை நினைவிருக்கிறது.