சந்தை விலை

நாவற்குழிப் பாலம் கடந்ததுமே டைனோசர் தெரிந்தது.
பனைகளைவிட ஒரு தலை உயரம்.
கால்மணிக்கு ஒருதரம் வாய் திறந்து உறுமும்.
அது உறுமும்போதெல்லாம்
வாசல் காவலாளி கொட்டாவி விட்டான்.

விருந்துச் சீட்டைப் பாரிஸிலிருந்து
கொன்சலாவின் தங்கச்சி அனுப்பியிருந்தாள்.
ஃபோனில் வந்ததை
கடையில் கொடுத்துத் தாளில் எடுத்து
நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.
ஒருவரும் தாளைக் கேட்கவில்லை.

பரவைக்கடல் பார்த்த மேசை.
பொடியன் கதிரையைப் பின்னுக்கு இழுத்தான்.
எடுத்துக்கொண்டு போகப்போகிறான் என்று
கொன்சலா விலகி நின்றாள்.
பெறாமகனின் முதல்நன்மைக்குக் கட்டிய
அதே நீலச்சேலை.

பட்டியலில் எல்லாவற்றுக்கும் விலை இருந்தது,
நண்டுக்கு மட்டும் 'சந்தை விலை.'
"எந்தச் சந்தை?" என்றாள்.
"பாசையூரோ, சின்னக்கடையோ?
காலமை ஏலம் என்ன போனதெண்டு
எனக்குத் தெரியும்."
மேசைக்குக் கீழே அவள் காலைத் தட்டினேன்.
"அப்ப நண்டே கொண்டுவாங்கோ தம்பி."

வந்தது.
நண்டுப்படம் போட்ட கழுத்துத்துணி இரண்டு,
மரச்சுத்தியல், பாக்குவெட்டி மாதிரி ஒன்று,
பல்லுக்குத்தியை இழுத்து நீட்டியதுபோல்
மெல்லிய முள்ளு.
நடுவில், தேங்காய்ப்பாலில் குளித்து,
ஒரு நீலக்கால் நண்டு.

"மேடம், முதல் காலை இப்பிடித் திருப்பவேணும்"
என்று தொடங்கினான் பொடியன்.

கொன்சலாவுக்கு நண்டுக் கொம்பனியில்
பதினொரு வருசம்.
காலை ஆறரைக்குக் கையுறை,
ஐஸ் தட்டில் அவித்த நண்டு.
ஒரு நண்டைக் கழற்ற
அவளுக்கு ஒரு செபம் சொல்லும் நேரம்கூட வேண்டாம்.
சதையில் ஓட்டுத்துண்டு ஒன்று கண்டால்
சம்பளத்தில் கழிப்பார்கள்.
அவளுடைய ரின்னில் ஒருநாளும் கண்டதில்லை.

சொல்ல வாயெடுத்தேன்.
இந்தமுறை அவள் என் காலை மிதித்தாள், குதியால்.

"அப்பிடியே! பிறகு?"
"பிறகு மெதுவா ஒரு தட்டு."
"இன்னொருக்காக் காட்டுங்கோ தம்பி."

காட்டினான். கை நடுங்கியது.
ஓடு சிதறி என் கண்ணாடியில் ஒட்டியது.
அப்போதுதான் நானும் பார்த்தேன்,
தூணுக்குப் பின்னால்
கைகட்டி நிற்கும் கறுப்புக் கோட்டை.
அவள் வந்தவுடனேயே பார்த்திருப்பாள்.
கொம்பனியிலும் அப்படி ஒருவர் நிற்பார்.

"வடிவா விளங்குது" என்றாள்
தூணுக்குக் கேட்கும்படி.

பொடியன் போனான். கோட்டும் போனது.
கொன்சலா இரண்டு பக்கமும் பார்த்தாள்.
சுத்தியலைத் துணிக்குக் கீழே தள்ளினாள்.
பிறகு பெருவிரல் மட்டும்தான்.
ஒரு நெம்பல், ஒரு திருகல்,
பின்னங்கால் மூட்டிலிருந்து சதை
உடையாமல் முழுசாய் எழும்பி வந்தது.

கோப்பையில் மூன்று குவியல்.
பெரியது, உதிரி, கொடுக்கு.
தன் கையே தரம் பிரித்திருந்ததைக் கண்டு
அவள் சிரித்தாள்,
கழுத்துத்துணியால் வாயைப் பொத்தி,
கண்ணில் தண்ணி வரும்வரை.

பெரியதை எடுத்து என் கோப்பையில் வைத்தாள்.
"இது சிங்கப்பூருக்குப் போறது.
நான் வாயில வைச்சதில்லை."
"அப்ப நீர் சாப்பிடும்."
"பாதி தாங்கோ."

இரண்டுபேரும் மென்றோம்.
டைனோசர் உறுமியது.
"உப்புக் காணாது" என்றாள்.

பரிசுச்சீட்டுக்குள் நண்டு அடங்கவில்லை.
பில்லைப் பார்த்து விரல் மடித்தாள்:
"என்ர நாலு நாள்."
முகம் மாறவில்லை.
ஐந்நூறு ரூபாத்தாள் ஒன்றை
பொடியனின் கைக்குள் நேராக வைத்தாள்,
மேசையில் அல்ல.

திரும்பிவரும்போது பாலத்தில் நல்ல காற்று.
மோட்டார்சைக்கிள் சத்தத்துக்கு மேலால்
என் காதுக்குள் சொன்னாள்:
"அவன் காட்டினமாதிரி உடைச்சா
அரைவாசிச் சதை ஓட்டோட போயிடும்."

கொஞ்சத்தூரம் பேச்சில்லை.

"பாவம். ஆனா
நல்ல வடிவா விளங்கப்படுத்தினான், என்ன?"