ஈக்களுக்குச் சமைப்பவள்

மக்காச்சோள மாவு, ஈஸ்ட், வெல்லப்பாகு,
ஒரு கை அகர்.
காலை ஆறு மணிக்கே அண்டா கொதிக்கிறது.
ஸெகெட் நகரத்தில்
என்னைவிட அதிகம் பேருக்கு எவரும் சமைப்பதில்லை.
சாப்பிடுபவை அத்தனையும் பழ ஈக்கள்.
உப்பு போதவில்லை என்று
ஒன்றுகூட முகம் சுளித்ததில்லை.

மூன்றாம் மாடியில் ஸலான்
சிலவற்றை என் பந்தியிலிருந்து எழுப்பி
நீலக் கற்கள் போட்ட குப்பியில் அடைப்பான்.
காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்து
கற்கள் மெல்ல இளஞ்சிவப்பாகும்.
ஈக்களுக்கு ஒரு சொட்டு கிடையாது.
"பாவமில்லையா?" என்றேன், முதல் வாரம்.
"பாவம்தான்" என்றபடி
குறிப்பேட்டில் மணியை எழுதினான்.

கசகசாவைவிடச் சின்ன மூளையாம்.
அதன் அடித்தளத்தில் நான்கு செல்கள்.
நான்கே நான்கு.
பசித்தால் கூவுமாம், இனிப்பு இனிப்பு என்று.
உடம்பின் நீரில் உப்பு ஏறினால்
அடங்கிப்போகுமாம்.
அவை அடங்கிய பிறகுதான்
ஈ தண்ணீர்ப் பக்கம் திரும்பும்.

தாகம் ஒரு கூச்சல் என்றே
ஐம்பத்தெட்டு வருஷம் நினைத்திருந்தேன்.
நாலு பேர் வாய்மூடிக்கொள்வது என்கிறான் இவன்.

காஷ்பாரிடம் சொல்ல வேண்டும்.

செவ்வாய், வியாழன், சனி
அவருடைய ரத்தத்தை இயந்திரம் அலசித் தருகிறது.
மற்றபடி நாளுக்கு அரை லிட்டர்.
பாட்டிலில் அவரே கோடு கிழித்திருக்கிறார்,
பகல் பன்னிரண்டு வரை இது, இரவு ஒன்பது வரை இது.
எலுமிச்சைச் சாற்றில் உறைந்த பனிக்கட்டி
நாலு மணிக்கு ஒன்று.
அதைக் கடிக்கக் கூடாது. கடிப்பார்.
மழை வந்தால் ஜன்னலைச் சாத்தச் சொல்வார்.

நேற்று ஸலான்
வயிறு நிறையக் குடித்திருந்த ஈ ஒன்றை
பச்சை விளக்கின் கீழ் வைத்தான்.
அந்த ஒளி பட்டால் நான்கும் ஊமையாகிவிடும்படி
முட்டையிலேயே ஏற்பாடு.
கண்ணாடிக் குழலின் நீலத் தண்ணீரை
அது மறுபடி குடித்தது.
வயிறு பாசிமணிபோல் உப்பி, உள்ளே நீலம் தெரிந்தது.
குடித்துக்கொண்டே இருந்தது.
"அணைத்துவிடு" என்றேன்.
என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.
அணைத்தான்.
ஈ முன்னங்கால்களால் வாயைத் துடைத்துக்கொண்டது,
விருந்து முடிந்த மாமனார்போல.

மனிதர்களுக்கு எங்கே என்று கேட்டேன்.
வேறு இடம், வேறு கணக்கு,
நாலில் அடங்காது என்றான்.
தான்தான் அப்படிச் செய்துவைத்ததுபோல்
"மன்னிக்கணும்" என்றும் சொன்னான்.

இரவு சொன்னேன்.
காஷ்பார் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.
வீங்கிய கணுக்காலில்
நெசவின் ஒவ்வொரு இழையும் பதிந்திருந்தது.
"நாலுதானா?"
வறண்ட உதடு வெடிக்கச் சிரித்தார்.
"என் பச்சை விளக்கை எவனோ
போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான்."

பிறகு திஸா ஆற்றங்கரை மீன்சாற்றைப் பற்றி,
அதன் மிளகாய்ச் சிவப்பைப் பற்றி,
உப்பைப் பற்றி மட்டும் விட்டுவிட்டு,
வெகுநேரம் பேசினார்.

ஆய்வகத்தில் அண்டா கழுவும்போது
குழாயை முழுக்கத் திறந்துவிடுவேன்.
அங்கே யாருக்கும் காது கிடையாது.
வீட்டில் குழாய்வாயில் துணி கட்டியிருக்கிறேன்,
தண்ணீர் துணியோடு வழுக்கி
ஓசையில்லாமல் தம்ளரில் இறங்க.
இருட்டில் நின்றபடி குடிக்கிறேன்.

படுக்கையறையிலிருந்து குரல்:
"முக்கால் தம்ளர்."

அளவு ஒருநாளும் தப்பியதில்லை.