மான் தின்ற பதினொரு பக்கங்கள்

ஆகஸ்ட் விடுமுறை. கச்சான் காற்று
ஊரை அப்பளம்போல் வாட்டிக்கொண்டிருந்தது.
பத்து மணிக்குக் கரண்ட் போகும்.
பொது நூலகத்தில் மட்டும் ஜெனரேற்றர்.
அதனால்தான் போனேன், வேறு புண்ணியம் ஒன்றுமில்லை.

சும்மா கதிரையில் இருந்தால் எழுப்புவார்கள்,
கையில் புத்தகம் இருந்தால் எழுப்பமாட்டார்கள்.
எட்டியதை எடுத்தேன்.
அட்டையில் பாதி இல்லை, பெயரும் போயிருந்தது.
வெளிச்சவீட்டைத் தனியே காக்கும் ஒருத்தி,
அவளுடைய கறுப்பு நாய்,
கரையொதுங்கிய ஒற்றைத் துடுப்பு.

மூன்றாம் நாள் கரண்ட் நிற்கவேயில்லை.
நான் அப்போதும் போனேன்.

ஐந்தாம் நாள் டச்சு விரிகுடா மதிலில்
கவிழ்த்து வைத்துவிட்டுப் பந்து வீசப் போனேன்.
இரண்டே ஓவர்.
திரும்பினால்,
கோட்டைப் பக்கமிருந்து வந்த புள்ளிமான் ஒன்று
வெற்றிலை போடுகிறவர் மாதிரி நிதானமாகக்
கதையின் முடிவை மென்றுகொண்டிருந்தது.

பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு
"அவள் கதவைத் திறந்தபோது வாசலில்"
என்று நிற்கிறது.

வாசலில்?

மானுக்குத் தெரியும்.
என்னை ஒருதரம் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அப்ளால் விழுந்து விழுந்து சிரித்தான்.
"கொஞ்சப் பக்கம்தானேடா, உட்டுத்தள்ளு."
"இதுவரைக்கும் நீ படி. பிறகு சொல்லு."
இரண்டு நாள் அவனிடமிருந்து சத்தமில்லை.
மூன்றாம் நாள் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு போன்:
"டேய், வாசல்ல ஆருடா?"

பின்னட்டையை மான் தொடவில்லை.
உள்பக்கத்தில் பென்சிலால்
யூடித், மூதூர், 2006.

கிண்ணியாப் பாலம் கடந்து
பஸ்ஸில் நின்றபடியே போனோம்.
அப்ளாலின் சாச்சி விசாரித்து வைத்திருந்தா:
மருந்துக்கடையில் வேலை, கண்ணாடி போட்டிருப்பா.

புத்தகத்தைக் கண்டதும்
அவர் கேட்டது எங்களை இல்லை, அதைத்தான்:
"நீ இன்னும் இருக்கிறியா?"

"ஆடியில எடுத்தன். ஆவணியில ஊரே ஓடிச்சுது.
பையில ரெண்டு சட்டை, பிறப்புச் சான்றிதழ், இது.
முகாமில வேற புத்தகம் இல்லை.
பதினைஞ்சு வயசு.
முடிச்சுப்போட்டா பிறகு என்ன செய்யிறது?
கடைசி அத்தியாயத்துக்கு முதல் நிப்பாட்டி
திரும்பவும் முதலாம் பக்கம்.
ஒன்பது தரம்."

"பிறகு?"

"ஊருக்கு வந்தவுடன திருப்பிக் குடுத்திட்டன்.
தண்டக்காசுப் பயம்."

இடையில் ஒருவர் பனடோல் வாங்கினார்.
மிச்சக்காசை எண்ணிக் கொடுத்துவிட்டுக்
குரலைத் தாழ்த்தி அவர் கேட்டார்:
"வாசலில ஆர் நிண்டது, தம்பி?"

மூன்று பேரும்
ஆளையாள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நூலகத்தில் முந்நூற்றைம்பது ரூபா கட்டினேன்.
பதிவேட்டில் இருநூற்று இருபத்துமூன்று பக்கம் என்றிருந்தது.
சேதத்துக்கான காரணம் என்ற இடத்தில்
மான் என்று எழுதினேன்.
கிளார்க் சிரிக்கவில்லை. இந்த வருடம் இது மூன்றாவதாம்.

இப்போது ஞாயிறுதோறும் மூதூரிலிருந்து போன் வரும்.
"கிடைச்சுதா?"
அப்ளால் கப்பல்காரன் என்கிறான்.
நான் ஒருவருமில்லை, காற்றுத்தான் என்கிறேன்.
யூடித் அக்காவுக்கு இரண்டிலும் நம்பிக்கையில்லை.
பத்தொன்பது வருடமாக அவரிடம் ஒரு முடிவு இருக்கிறதாம்,
சொல்லமாட்டாவாம்.

பள்ளிக்கூடம் திறக்கப் பதினாறு நாள் இருக்கிறது.
ரியூசன் வாசலில் சைக்கிளில் சாய்ந்து நிற்பவர்களே,
உப்புவெளியில் போன் சார்ஜ் இல்லாமல் படுத்திருப்பவர்களே,
உங்களுக்கு அறிவுரை சொல்ல
எனக்கும் உங்கள் வயதுதான்.
நான் ஆள் தேடுகிறேன், அவ்வளவுதான்.

வெளிச்சவீடு, கறுப்பு நாய், ஒற்றைத் துடுப்பு.
உங்கள் பள்ளி அலுமாரியில், மாமி வீட்டுப் பரணில்,
பழைய பேப்பர்க் கடையில்
எங்கே கண்டாலும் முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.
புத்தகத்தைக் கொண்டுவாருங்கள்.

தேடும்போது
வேறு ஏதாவது கையில் அகப்படும்.
அதையும் ஒரு பத்துப் பக்கம் பாருங்கள்,
யார் கண்டது.

மதிலில் மட்டும் வைக்காதீர்கள்.